இருநூறு மீட்டர், இடப்பக்கம்

பதினாலு பலகைகளில் இது ஒன்பதாவது. அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகும் சாலையில் ஓடக்கரைப் பிரிவில் நட வேண்டும். பழுப்புப் பலகை, வெள்ளை எழுத்து: ‘சோழர் கால வழித்தடம். கல்வெட்டு 200 மீ.’ கீழே இடப்பக்கம் ஓர் அம்புக்குறி.

சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்டைப் பாதியில் விட்டு வந்தவன் நான். இங்கே குழி தோண்டுகிறேன். தூசி அதேதான்.

முதல் நாள் இடம் குறிக்கப் போனபோதே இளையபெருமாள் எங்களைப் பிடித்துக்கொண்டார். அவருடைய முந்திரிக் கொல்லைக்குள் எழுத்து வெட்டிய கல் ஒன்று நிற்கிறதாம். கொல்லையின் மூன்று பக்கமும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போய்விட்டது. மிச்சம் இவருடைய இரண்டு ஏக்கர். அதையும் அளக்க வரப்போகிறார்கள். மனு மேல் மனு போட்டதில் வழித்தடப் பட்டியலில் கல்லின் பெயர் ஏறி, பலகை மட்டும் வந்திருக்கிறது.

“புதன்கெழம தொல்லியல் ஆபீசர் வராருங்க தம்பி. மை தடவி படி எடுப்பாராம். பதிவாயிட்டா கொல்லைய எவனும் தொட முடியாது. போன்ல எடுத்தா எழுத்தே தெரிய மாட்டேங்குது. நீங்க போர்ட நல்லா நடுங்க.”

“நடாம தலையில தூக்கி வச்சிக்கிட்டா திரியப் போறோம் பெரியவரே?” என்றான் எங்கள் மேஸ்திரி கலைச்செல்வன்.

அவனுக்கு ஒரு பழக்கம். கம்பத்தைச் சுற்றி அடைக்கும் கல்லை வண்டியில் ஏற்றவே மாட்டான். ரோட்டோரம் கிடப்பதைப் பொறுக்கி உடைத்துப் போடச் சொல்வான்.

மறுநாள் காலை, நாங்கள் குறித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகைக்கல் படுத்திருந்தது. அடியில் வைக்கோல். மேல்பக்கம் சொரசொரவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது.

“நமக்குன்னே எவனோ கொண்டாந்து போட்டிருக்கான்டா. குழிய எடுத்துட்டு இத ஒட.”

குழி எடுத்துக் கம்பத்தை நிறுத்திவிட்டுச் சம்மட்டியைத் தூக்கினேன். நாலாவது அடியில் கல் இரண்டானது. துண்டு துண்டாகக் குழிக்குள் இறக்கினேன். கடைசித் துண்டைத் தூக்கும்போது அது புரண்டது. அடிப்பக்கம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாத மூன்று எழுத்துகள்.

“அண்ணே, எழுத்து இருக்கு.”

கலைச்செல்வன் எட்டிப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். யாரும் வரவில்லை.

“மிச்சத்தயெல்லாம் எடுத்து ஒட்ட வக்கப் போறியா? போடுடா.”

போட்டேன். மேலே கான்கிரீட்டைக் கொட்டினோம்.

அரை மணி நேரத்தில் இளையபெருமாள் மனைவி ஆண்டாயியோடு மொபெட்டில் வந்தார். அந்த அம்மா கையில் எலுமிச்சம்பழம், சூடம், மஞ்சள் கரைத்த செம்பு. இளையபெருமாள் நிமிர்ந்து பலகையைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் கீழே பார்த்தார்.

“கல்லு எங்கங்க? கொல்லைக்குள்ள பூரா முள்ளு, ஆபீசர் நடக்க மாட்டாருன்னு நேத்து சாயங்காலம் நாலு ஆள வச்சி பேத்து டிராக்டர்ல கொண்டாந்தேன். எழுத்து மழையில நனையக் கூடாதுன்னு கவுத்துப் போட்டிருந்தேனே.”

“நாங்க வரும்போது இங்க ஒண்ணும் இல்லீங்களே” என்றான் கலைச்செல்வன்.

இளையபெருமாள் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க பாத்தீங்களா?”

முழங்கை வரைக்கும் எனக்குக் கல் தூசி.

“இல்லீங்க.”

அவர் ஓடைப் புதருக்குள் இறங்கித் தேட ஆரம்பித்தார். ஆண்டாயி இறங்கவில்லை. வைக்கோலைக் காலால் கிளறி, உள்ளங்கை அகலச் சில்லு ஒன்றை எடுத்தார். அதைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நான் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

கலைச்செல்வன் ஆரன் அடித்தான். பத்தாவது பலகை வண்டியில் இருந்தது.

“போ தம்பி, ஒன் வண்டி கெளம்புது” என்றார் ஆண்டாயி. பிறகு கம்பத்தின் காலடியில், இன்னும் ஈரம் காயாத கான்கிரீட்டின் மேல், அந்தச் சில்லை வைத்துச் சூடத்தை ஏற்றினார். புதருக்குள்ளிருந்து இளையபெருமாள், “இங்கயும் இல்லடி” என்று கத்தினார்.