நம்ம வூட்டுச் சாவி

மதியத்துக்குள் போலீஸ் வரும் என்று தகவல் வந்ததிலிருந்து கலைமதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய ஹாலையே திரும்பவும் கூட்டினாள். கழுவிக் கவிழ்த்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவினாள். பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தால் பைபாஸில் சேலத்துக்கும் பெங்களூருக்குமாக லாரிகள் போய்க்கொண்டிருந்தனவே தவிர, போலீஸ் பைக்கைக் காணோம். வந்து தொலைத்தால் தேவலை என்று நினைத்தாள். வராமலே போய்விடக் கூடாதா என்றும் நினைத்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவி, எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்திக்கொண்டே இருந்தது.

அதியமான்கோட்டையில் அர்ச்சுனன் வாடகைக்கு விடக் கட்டிய இந்த மாடி வீட்டுக்குத் தைவான்காரத் தம்பதி குடிவந்து ஒரு வருஷமாகிறது. கணவர் ஷூ கம்பெனியில் இன்ஜினியர். விடிந்தால் காரில் போவார், இருட்டினால் வருவார். அந்த அம்மாளின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊருக்கே அவள் மேடம்தான். சமையலும் வீட்டு வேலையும் கலைமதி. இருவருக்கும் நடுவே பேச்சுக்கு ஒரு ஃபோன். மேடம் தன் பாஷையில் பேசினால் அது தமிழில் சொல்லும், தமிழைக் கேட்டால் அந்தப் பாஷையில் சொல்லும். அதுவும் எப்பேர்ப்பட்ட தமிழ்! "தாங்கள் மிளகாயைச் சற்றுக் குறைத்து இடுங்கள்" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பது போலச் சொல்லும். முதலில் கலைமதிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பிடித்துப்போய்விட்டது. பிறந்ததிலிருந்து அவளைத் 'தாங்கள்' என்று கூப்பிட்ட ஒரே ஜீவன் அந்த ஃபோன்தான்.

போன வாரம் அவர்கள் ஏற்காடு போய்த் திரும்பியபோது மேடத்தின் கேமராவையும் லேப்டாப்பையும் காணவில்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. ஜன்னல் கம்பி வளையவில்லை. மேடம் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. யாரிடமோ வெகுநேரம் பேசிவிட்டு ஃபோனை நீட்டினாள். "எங்களுக்கு வீட்டு உள்ளடக்கக் காப்பீடு உள்ளது" என்றது ஃபோன். உள்ளடக்கம் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பாடங்களின் பெயர் இருக்குமே, கலைமதிக்கு அதுதான் தெரியும். வீட்டுக்கு ஏது உள்ளடக்கம்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாமானைச் சொல்கிறது என்று புரிந்தது. ஊர்விட்டு ஊர் வந்து குடியிருப்பவர்கள், டிராக்டருக்குப் போடுவது போல, கட்டிலிலிருந்து கேமரா வரைக்கும் இன்சூரன்ஸ் போட்டு வைப்பார்களாம். தொலைந்ததற்குப் பணம் வந்துவிடுமாம். திருட்டு என்று போலீஸ் எழுதிக் கொடுத்தால் போதுமாம். "இது வெறும் காகிதம். தாங்கள் கவலைப்பட வேண்டாம்."

வெறும் காகிதமாம்! மேடம் காகிதத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வருஷம் பிளேன் ஏறிவிடுவாள். கலைமதி இதே ஊர் ரேஷன் கடையில்தான் நிற்க வேண்டும். பூட்டு உடையவில்லை என்றால் போலீஸ் வேறு என்ன கேட்கும்? சாவி யாரிடம் என்றுதான் கேட்கும். அதற்கப்புறம் அவளுக்குச் சாகிற வரைக்கும் ஒரே பேர்தான், சீனாக்காரி வீட்டில் கை வைத்தவள். தைவான் வேறு சீனா வேறு என்று மேடம் சொன்னதெல்லாம் அந்தப் பேருக்கு முன்னால் எடுபடாது. மேடத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த வெள்ளை மனசைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மேடத்துக்குத் தெரியாத ஒரு சாவி அர்ச்சுனனிடம் இருந்தது. குடிவந்த புதிதில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தபோது, இடுப்பு வளையத்திலிருந்த சாவியால் அவரே கதவைத் திறந்து உள்ளே போனார். "மேடத்துக்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காத. வெளிநாட்டு ஆளுங்க, ஒண்ணு கெடக்க ஒண்ணு நெனைப்பாங்க" என்று அவளிடம் சொல்லியும் வைத்தார். அவர் எடுத்திருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் பாதி நேரம் மோட்டார் கொட்டாய் ஆணியில் தொங்கும் அந்த வளையம் யார் யார் கையில் போகிறதோ, யார் கண்டது? அவள் புருஷன் குமார் ஓட்டுகிற டிராக்டர் அர்ச்சுனனுடையது. கொட்டாயை ஒட்டி அவர்கள் குடியிருக்கும் சிமெண்ட் சீட்டுக் கூரை வீடும் அவருடையது. ஒரு வார்த்தை சொன்னால் பேர் தப்பும், வீடு போகும். சொல்லாவிட்டால் வீடு நிற்கும், பேர் போகும்.

ஏட்டு வந்தார். கூடவே அர்ச்சுனனும் வந்தார். மேடம் இருவருக்கும் ஜூஸ் கொடுத்துவிட்டு ஃபோனும் கையுமாக ஓரமாக நின்றாள்.

"சாமான் காணாமப் போனப்ப நீ எங்கம்மா இருந்த?" என்றார் ஏட்டு.

"எங்க வூட்லதாங்க. நம்ம வூட்டப் பூட்டிட்டு நேரா..."

"இரு, இரு. எங்க வூடுங்கற, நம்ம வூடுங்கற. நம்ம வூடுன்னா எது?"

"இதுதாங்க."

"இது எப்ப உன் வூடாச்சு?"

அர்ச்சுனன் சிரித்தார். கலைமதிக்கு முகம் சுண்டிவிட்டது. நம்ம மேடம், நம்ம வூட்டு கேஸ் அடுப்பு, நம்ம வூட்டுத் துணி. ஒரு வருஷமாக அப்படித்தான் அவளுக்கு வாயில் வருகிறது. அதுவே குற்றம் போல ஏட்டு எழுதிக்கொண்டார்.

"சும்மா வெசாரிக்கறாரு. மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்? சொல்லு கலைமதி" என்றார் அர்ச்சுனன்.

அந்த வார்த்தைதான் அவளுக்குச் சுருக்கென்றது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"எங்கிட்ட இது ஒண்ணுங்க. மேடத்துக்கிட்ட ஒண்ணு." அர்ச்சுனன் இடுப்பிலிருந்த வளையத்தைக் கண்ணால் காட்டினாள். "மொதலாளிகிட்ட ஒண்ணு இருக்குதுங்க."

ஏட்டின் பேனா நின்றது. "என்ன அர்ச்சுனன், சாவியெல்லாம் குடுத்தாச்சுன்னு சொன்னீங்க?"

"அது... டேங்குத் தண்ணிக்கு, ஒரு அவசரத்துக்குன்னு..."

"அந்த வளையத்த இப்படிக் குடுங்க."

ஏட்டு வாசல் கதவைச் சாத்தி ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று வழுக்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பியது. பூட்டு திறந்த சத்தத்தை மேடமும் கேட்டாள். வளையத்தை ஏட்டு தன்னிடமே வைத்துக்கொண்டார். "ஸ்டேசனுக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று அர்ச்சுனனிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அர்ச்சுனன் கலைமதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் போனார்.

"என்ன நடந்தது? தயவுசெய்து கூறுங்கள்" என்றது ஃபோன். மேடம் அதைக் கலைமதியின் வாய்க்கு நேரே பிடித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், கீழே ஏட்டின் பைக் போன திசையிலிருந்து திரும்பி, பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த டிராக்டரைப் பார்த்து அர்ச்சுனன் கத்தினார்.

"குமாரூ! உம் பொண்டாட்டிய வூட்டுச் சாவியக் கொண்டாந்து குடுக்கச் சொல்லுடா! இன்னைக்கே குடுக்கோணும்!"

அவர் கேட்டது சீட்டு வீட்டுச் சாவியை. கலைமதி எதற்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது. ஆனால் காதைத் திறந்து வைத்திருந்த ஃபோன் அதைப் பிடித்துக்கொண்டு, எந்த வீடு என்று தெரியாமல் மேடத்தின் பாஷையில் சொன்னது. மேடத்தின் முகம் மாறியது. வேண்டாம் என்று வேகவேகமாகத் தலையாட்டினாள். கலைமதியின் உள்ளங்கையில் இன்னும் இருந்த மாடி வீட்டுச் சாவியைப் பார்த்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கி, அந்த மூடிய கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"கொடுக்க வேண்டாம். நம் வீட்டின் சாவி தங்களிடமே இருக்கட்டும்" என்றது ஃபோன்.

வயலில் டிராக்டர் சத்தம் நின்றது.