கதவின் ஆறு பக்கங்கள்

கர்க்லாண்டில் இருந்த மைக்கலின் வீட்டு முன்கதவைச் செப்டம்பரில் தீயணைப்புப் படையினர் உடைத்தார்கள். உள்ளே, குசினி வாசலில், அவருடைய மனைவி மாக்கிரட் விழுந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று பின்னேரமே எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகுதான் மைக்கல் கதவைப் பற்றி நினைத்தார். அதுவரை வாசலில் பலகை அடித்துவிட்டுக் கராஜ் வழியாகப் போய்வந்தார். புதுக்கதவு பெயின்ற் படாத வெறும் மரம். அதைப் பொருத்திவிட்டுப் போன தச்சர், குளிர் இறுகுவதற்குள் முன், பின், நான்கு விளிம்பு என்று ஆறு பக்கமும் பெயின்ற் அடித்துவிட வேண்டும் என்றார். கதவைக் கழற்றி அடிவிளிம்புக்கும் பூச வேண்டும். ஈரம் அதன் வழியாகத்தான் ஏறும். பத்துப் பாகைக்குக் கீழே போனால் பெயின்ற் பிடிக்காது.

துறைமுகத்துக் களஞ்சியத்தில் மைக்கலுக்கு வேலை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தால் எழும்ப மனம் வராது. ஒக்டோபர் அப்படியே போனது.

நவம்பர் முதல் சனிக்கிழமை வெயில் எறித்தது. மாக்கிரட்டின் தங்கை எலிசா, நகருக்குள் இருக்கும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினாள்.

"இண்டைக்கு விட்டா இனி அடிக்கேலாது, அத்தான்."

இருவருமாகப் பிணைச்சல்களைக் கழற்றிக் கதவை மேசைமேல் கிடத்தினார்கள். திறந்து கிடந்த வாசலால் காற்று நேரே குசினிவரை போனது. மைக்கல் அந்தப் பக்கம் பார்க்காமல் பிரைமரைக் கலக்கினார்.

முதல் பூச்சுக் காய்ந்துகொண்டிருந்தபோது அவர்தான் பேச்சை எடுத்தார்.

"தெருவிலை களவு எண்டு உள்ளுக்குத் திறாங்குத் தாழ்ப்பாள் வைப்பிச்சது நான்தான். உன்ரை கையிலை திறப்பு இருந்தது. அந்தத் திறாங்கு இல்லாட்டி நீ நேரை உள்ளுக்குப் போயிருப்பாய். நீ கூப்பிட்டு, தீயணைப்புக்காரர் வந்து உடைக்கப் பத்து நிமிசம் போச்சு."

எலிசா பிரஷை டின்னின்மேல் வைத்தாள்.

"பத்து நிமிசமில்லை, அத்தான். அக்கா காலமை ஒன்பது மணிக்கே எனக்குப் போன் எடுத்தவ. நெஞ்சுக்கை என்னவோ செய்யுது எண்டு சொன்னவ. வாயுவா இருக்கும், படுங்கோ, வேலை முடியவிட்டு வாறன் எண்டிட்டன். வரேக்கை ஒரு மணி."

மைக்கல் நிமிர்ந்தார்.

"நான் ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிறனான். எனக்கு விளங்கியிருக்க வேணும்" என்றாள் எலிசா.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"செத்தவீட்டிலை சொல்லத்தான் வந்தனான். நீங்கள் வாற ஆக்களுக்கெல்லாம், எலிசாதான் ஓடிவந்தவள் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டியள்."

மைக்கல் எழும்பிப் போய்ப் பெயின்ற் டின்னைத் திறந்தார். எலிசா கீழ்விளிம்புக்குப் பெயின்ற் அடித்தாள். அவர் மேல்விளிம்புக்கு அடித்தார். மூன்று மணிக்கெல்லாம் வெயில் இறங்கிவிட்டது. பிரைமருக்கு மேல் ஒரேயொரு பூச்சுத்தான் அடிக்க முடிந்தது. அதுவும் முழுதாகக் காயவில்லை. வாசலைத் திறந்தபடி விடவும் முடியாது. ஈரத்தோடேயே தூக்கிப் பொருத்தினார்கள். பெயின்ற் விரல்பட்ட இடங்களில் இழுபட்டது.

எலிசா நிலவறையில் பிரஷ்களைக் கழுவிவைத்துவிட்டு, "வாறன், அத்தான்" என்றாள். மற்ற நாட்களில் அவர்தான் காரில் கொண்டுபோய் மெத்ரோவில் விடுவார். அன்று கார்த் திறப்பை எடுக்கவில்லை. அவள் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து போவதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை பனி கொட்டியது. டிசம்பரில் நத்தார்ப் பூசை முடிந்து கோவில் வாசலில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். "குளிர் கூடிப்போச்சு" என்றார் மைக்கல். "ஓம்" என்றாள் அவள். தை மாதத்தில் கதவின் அடிப்பக்கத்தில் பெயின்ற் கொப்பளித்து உரிந்தது. மரம் ஊதிச் சட்டத்தோடு இறுகியது. இழுத்துப் பார்த்துக் களைத்து, மறுபடி கராஜ் வழியாகப் போகத் தொடங்கினார்.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தார். அவளில் பிழையில்லை என்று சொல்லத்தான் எடுத்தார். அவள் "ஹலோ" என்றதும் அது வாயில் வரவில்லை. சொன்னால் பொய்யாகிவிடுமோ என்றும் இருந்தது.

"கதவு இறுகிப்போச்சு" என்றார். "வெயில் வரக் கழட்டிச் சுரண்டிப்போட்டுத் திருப்பி அடிக்கவேணும். ஒராளாலை தூக்கேலாது."



"எனக்கு இப்பச் சனிக்கிழமையளிலை வேலை" என்றாள் எலிசா. "ஞாயிறு எண்டாப் பாப்பம்."