அவள் சொல்லாத வாக்கியம்

…ஆறு மணி, பல் தேய்த்தாயிற்று, மோட்டாரைப் போட்டாயிற்று, பால் அடுப்பில். ஒரு டம்ளர் போதும், ஆனாலும் இன்னும் அரை லிட்டர் பாக்கெட்தான் வாங்குகிறேன், ஏன் என்று தெரியவில்லை. தொட்டிக்கு உப்புத்தண்ணீர் ஏற இருபது நிமிடம். அதற்குள் காளீஸ்வரன் போன், என் மனைவி முருகலட்சுமியின் தம்பி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மச்சான், அனுப்புனதக் கேட்டீகளா? இல்லை என்றேன். ஒன்பது முறை கேட்டிருந்தேன். அக்காவின் வாய்ஸ் மெசேஜ்களை ஏதோ ஏஐ செயலியில் போட்டு அவள் குரலைச் செய்திருக்கிறான், நாளை வருஷத் திதி, மல்லாங்கிணற்று வீட்டில் படையல் போட்டதும் அவன் அம்மாவுக்கு, என் அத்தைக்கு, போட்டுக் காட்ட வேண்டுமாம். இப்ப மெசினு மாதிரிதேன் இருக்கும் மச்சான், குவாண்டம் கம்ப்யூட்டரு வரட்டும், அக்கா என்னென்ன சொல்லியிருப்பாளோ அம்புட்டையும் ஒரே நேரத்துல பாத்துரும், நீங்க பழையபடி திட்டு வாங்கலாம்… சிரித்தான், பாதியில் நிறுத்திவிட்டான்.

நான் எம்.எஸ்சி. இயற்பியல். அம்புட்டையும் பார்த்துவிடும் என்பது விளம்பரப் பேச்சு. சாத்தியங்கள் எத்தனை இருந்தாலும் அளந்து பார்த்ததும் கையில் நிற்பது ஒன்று, அந்த ஒன்று சரியா என்று எதையாவது வைத்துத்தான் ஒத்துப்பார்க்க வேண்டும். இவளை எதை வைத்து? குவாண்டத்தால் செயற்கை நுண்ணறிவைப் பழக்குவது வேகமாகலாம், ஆகாமலும் போகலாம், யாருக்கும் இன்னும் உறுதியில்லை. எதைக் கொடுத்துப் பழக்குகிறார்கள், குரலை யார் வைத்துக்கொள்வார்கள்… இல்லை, என் சந்தேகம் அதுவும் இல்லை. அந்தக் குரல் சொல்வது, அம்மாவப் பாத்துக்கங்க மாமா. காளீஸ்வரன் எழுதிக்கொடுத்த வாக்கியம். அவனுக்கு யார் சொன்னது? நான்தான். பதினாறாம் நாள் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா எம்மக என்ன மாப்ள சொன்னா, என்னயக் கேட்டாளா, என்றாள். கேட்டா அத்தே, உங்களப் பாத்துக்கச் சொன்னா, என்றேன், காளீஸ்வரனும் பக்கத்தில் நின்றான். திருச்சுழி ரோட்டில் லாரி மோதிய இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளிடம் பேச்சே இல்லை.

நேற்று வரை அது என் வாயில் இருந்த பொய். இப்போது அவள் வாயில், மாமா என்பதில் அந்த இழுப்பு உட்பட. ஒன்பதாவது முறை கேட்டபோது சொல்லியிருப்பாளோ என்று தோன்றியது… குவாண்டம் வந்தால் இன்னும் அச்சாகச் சொல்லும், பொய்யைக் கொடுத்தவன் நான் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரிந்தது என் ஒருவனுக்கு, நானும் மறந்துவிட்டால்? என்ன மச்சான், நாளைக்குப் போட்டுரவா, அம்மா அதக் கேக்கத்தேன் உசுர வச்சிருக்கு. இருப்பா, என்றேன். பால் பொங்கிவிட்டது. பின்னால் சொளசொளவென்று சத்தம், போனைக் கையில் பிடித்தபடியே சுவிட்சுக்கு ஓடினேன், அன்றைக்கும் இதே சத்தம்தான், வாசலில் ஸ்கூட்டரை எடுத்தாள், ஹெல்மெட் மாட்டியிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் கடைசியாகச் சொன்னாள்.

“மாமா, மோட்டார நிறுத்துங்க, தொட்டி நெறஞ்சு வழியுது.”