வாரத்துக்குப் பத்து வாக்கியம்

அமுதவள்ளி இங்கிலீஷ் படிக்கப் போனது பவுசுக்கு இல்லை. கிள்ளானுக்குப் பக்கத்தில் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரி. பெயிண்ட் டின்னுக்கு பிளாஸ்டிக் மூடி அழுத்தும் லைன். அதில் பத்தொன்பது வருஷம் நின்றாயிற்று. அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் லைன் லீடர் ஆகிவிட்டார்கள். ஏன் எனக்கு மட்டும் இல்லை என்று கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் இராமலிங்கம் ஒரே பதிலைத்தான் எடுத்து வீசுவார்.

"ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷ்ல எழுதணும் அமுதா. உனக்கு வராது லா."

வராதா? யாருக்கு வராது? அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். நாற்பத்து நாலு வயசில் ஏபிசிடியா என்று சிரித்தவர்களை ஒரு முறை முறைத்தாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடப்பாள். அங்கே ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. கீழே கடை டீச்சர் நிலோபருடைய அப்பாவின் ராஜ்யம். மேலே மாடி நிலோபரின் ராஜ்யம். முப்பது வயதுகூட ஆகாத பெண். ஆனால் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தால் ஈவு இரக்கம் பார்க்கமாட்டாள்.

"தனித்தனி வார்த்தையா மனப்பாடம் பண்ணாதீங்க. எதோட எது சேரும்னு பாருங்க. மேக் எ மிஸ்டேக். டூ த லாண்டரி. டேக் எ பிரேக்."

அமுதவள்ளிக்கு எரிச்சல் வந்தது. "தப்பு செஞ்சாலும் செய்றதுதான், துணி துவைச்சாலும் செய்றதுதான். ஒண்ணுக்கு மேக், ஒண்ணுக்கு டூன்னு எவன் டீச்சர் வச்சது?"

"நீங்க கோலம் போடறீங்க, சட்டை போடறீங்க, சண்டை போடறீங்க, கையெழுத்து போடறீங்க. அதெல்லாம் எவன்க்கா வச்சது?"

வகுப்பே சிரித்தது. அமுதவள்ளியும் சிரித்துவிட்டாள். சண்டைக்குச் சரியான ஆள்தான் கிடைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுப்பாடம் வாரத்துக்குப் பத்து வாக்கியம். "உங்க கண்ணு முன்னால யாரு என்ன செஞ்சாங்களோ அத எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க. நடக்காதத எழுதக் கூடாது" என்பது நிலோபரின் சட்டம். ஒவ்வொரு ஞாயிறும் அவள் திருத்தி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுப்பாள். அமுதவள்ளி ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுவாள். பஸ் குலுங்கும், எழுத்து கோடு தாண்டி ஓடும். சோறு வடித்தது, துணி காயப்போட்டது, தரை துடைத்தது எல்லாம் இரண்டு மாதத்தில் தீர்ந்துபோயின. வீட்டில் எழுத ஒன்றும் மிச்சமில்லாமல் போகவே, லைனில் நடப்பதை எழுத ஆரம்பித்தாள்.

லைனில் என்ன நடந்தது என்றால், அந்த மெஷினுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு கதவு. அதைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். கைக்கு அதுதான் காவல். ஆனால் நின்ற மெஷின் மறுபடி சூடேற ஐந்து நிமிஷம் ஆகும், டார்கெட் விழும். அதனால் மாதக் கடைசியானால் இராமலிங்கம் வந்து கதவின் சுவிட்சை கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவார். கதவு திறந்து கிடந்தாலும் மெஷின் பாட்டுக்கு ஓடும். சேஃப்டி ஆடிட் வருகிற அன்று டை வெட்டுப்பட்டுக் குப்பைக்குப் போகும். லைனில் இது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்கள். அமுதவள்ளியும்தான்.

அப்படி ஒரு மாதக் கடைசிப் புதன்கிழமை, சிக்கிக்கொண்ட ஒரு மூடியை எடுக்க சீதாலெட்சுமி கையை உள்ளே விட்டாள். பக்கத்து மெஷினில் நிற்பவள், பன்னிரண்டு வருஷமாக அமுதவள்ளியோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள். மெஷின் நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல், நுனிக்கணுவோடு போய்விட்டது. அலறல் கேட்டு அமுதவள்ளிதான் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். ஆம்புலன்ஸ் வந்து திரும்புவதற்குள் கேபிள் டையைக் காணவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை இராமலிங்கம் அமுதவள்ளியைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஒரு தாள்.

"சீதாவ வரச் சொல்லி கேன்டீன்ல உக்கார வச்சிருக்கேன். மூணு மணிக்கு பெர்சனல் ஆபீஸ் மிஸ் வோங் வராங்க. அதுக்குள்ள இந்த ரிப்போர்ட்ட அவளுக்குப் படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கிடு. உனக்குத்தான் இப்ப இங்கிலீஷ் வருமே. அடுத்த மாசம் லைன் லீடர் லிஸ்ட்ல உன் பேரத்தான் எழுதி வச்சிருக்கேன்."

"வலது கைல கட்டு போட்டிருக்கே, பாஸ்."

"இடது கை பெருவிரல் இருக்குல்ல? அது போதும்."

அமுதவள்ளிக்குச் சுருக்கென்றது. தாளை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

கேன்டீனில் சீதாலெட்சுமி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அமுதவள்ளி எதிரே உட்கார்ந்து, தாளில் விரலை வைத்து வரி வரியாகப் போனாள். நிலோபர் சொல்லிக்கொடுத்தபடி முதலில் யார், அப்புறம் என்ன செய்தார். வரிக்கு வரி யார் என்ற இடத்தில் சீதாலெட்சுமியே நின்றாள். அவள் சுவிட்சைக் கட்டினாளாம். அவள் கதவைத் திறந்தாளாம். எச்சரித்தும் கேட்கவில்லையாம். இராமலிங்கத்தின் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது: முதலுதவி செய்தாராம். கிவ் ஃபர்ஸ்ட் எய்ட்! துணியைச் சுற்றி ரத்தத்தை அமுக்கிப் பிடித்திருந்தது அமுதவள்ளி. அவர் அப்போது டையை வெட்டிக்கொண்டிருந்திருப்பார், பாவி மனுஷன்.

"என்னக்கா போட்டிருக்கு?"

அமுதவள்ளி ஒளிக்காமல் சொன்னாள். "சுவிட்ச நீ கட்டினேன்னு போட்டிருக்கு. இதுல நீ விரல வச்சா, தப்பு உன்னுது. அப்புறம் உன்ன வேலைய விட்டுத் தூக்கறதுக்கு இந்த ஒரு தாள் போதும்."

சீதாலெட்சுமியின் முகம் வெளுத்தது. இடது கையைத் தாள்மேல் வைத்து, "விடுக்கா" என்றாள். "போட்டுட்டுப் போயிடறேன். இவங்களோட யாரு மல்லுக்கட்டறது? உனக்கும் லைன் லீடர் வருதுன்னாங்களே."

"வாய மூடு. உன் விரல் மேல ஏறி நின்னு எனக்கு ஒரு லைன் லீடரா? கைய எடு அங்கேருந்து!"

மூன்று மணிக்கு மிஸ் வோங் வந்தார். இராமலிங்கம் பேனாவும் மைப்பெட்டியும் தயாராக வைத்திருந்தார். அமுதவள்ளி தாளை மேசையில் வைத்து, அவர் பக்கமே தள்ளினாள்.

"ஷி வில் நாட் சைன். திஸ் இஸ் நாட் வாட் ஹேப்பன்ட்."

இராமலிங்கத்தின் முகம் சிவந்தது. "டோன்ட் மேக் ட்ரபிள், அமுதா" என்று பல்லைக் கடித்தவர், மிஸ் வோங்கைப் பார்த்துச் சிரித்தார். ஃபிரெண்டைக் காப்பாற்றப் பார்க்கிறாள், சுவிட்சை யார் கட்டினார்கள் என்பதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள் என்றார்.

ஆதாரமா? டை குப்பையில். லைனில் மற்றவர்கள் வாய் திறக்கப்போவதில்லை. பஸ்ஸில் எழுதுவதற்கென்று எப்போதும் பையில் கிடக்கும் நோட்டு அப்போதுதான் அமுதவள்ளிக்கு ஞாபகம் வந்தது. அடடா! போன வாரத்துக்கு முந்தின வாரம் என்ன எழுதினாள்? அவசர அவசரமாக எடுத்துப் பக்கத்தைப் புரட்டினாள். இருந்தது. எழுந்து நின்று, வகுப்பில் படிப்பது போலச் சத்தமாகப் படித்தாள்.

"ஆன் மண்டே, மிஸ்டர் இராமலிங்கம் டைட் த சுவிட்ச் வித் எ கேபிள் டை. ஹி டோல்ட் அஸ் டு கீப் த டோர் ஓபன். வி கெப்ட் த மெஷின் ரன்னிங். நோபடி ஆஸ்க்ட் எ கொஸ்டின்."

கடைசி வரியைப் படிக்கும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த நோபடியில் அவளும் ஒருத்தி. அதற்காக விழுங்காமல் அதையும் சத்தமாகவே படித்தாள்.

இராமலிங்கம் கையைத் தட்டிச் சிரித்தார். "மிஸ், திஸ் இஸ் ஸ்கூல் ஹோம்வொர்க் லா! ஷி கோஸ் டு சன்டே கிளாஸ்!"

"யெஸ், ஹோம்வொர்க்" என்றாள் அமுதவள்ளி. "மை டீச்சர் மார்க்ட் இட். சீ த டேட்."

மிஸ் வோங் நோட்டை வாங்கினார். நீல எழுத்து கோடு தாண்டி ஓடியிருந்தது. 'மேக் த மெஷின் ரன்' என்று அவள் எழுதியிருந்ததைச் சிவப்பு மை அடித்துத் திருத்தியிருந்தது. கீழே நிலோபரின் கையெழுத்து. பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தேதி. விபத்துக்கு மூன்று நாள் முன்பு. அதற்கு முந்தின மாதக் கடைசிப் பக்கத்தையும் அவர் புரட்டினார். அங்கேயும் ஒரு கேபிள் டை இருந்தது.

"மிஸ்டர் இராமலிங்கம்," என்றார் மிஸ் வோங், "ஒய் இஸ் யுவர் நேம் இன் ஹெர் ஹோம்வொர்க்?"

இராமலிங்கம் தன் தாளை எடுக்கக் கை நீட்டினார்.

மிஸ் வோங் பழைய தாளைத் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார், நோட்டை நகல் எடுக்கச் சொன்னார். புது ரிப்போர்ட்டை யார் எழுதுவது என்று கேட்டார். அமுதவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைக் கேட்டாள். இராமலிங்கம் தயாராக வைத்திருந்த அதே பேனா. ஒரு மணி நேரம் ஆனது. மேக்கா டூவா என்று இரண்டு இடத்தில் தடுமாறினாள். யார், என்ன செய்தார் என்பதில் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எழுதி முடித்து, தமிழில் படித்துக் காட்டிய பிறகுதான் சீதாலெட்சுமி பெருவிரலை வைத்தாள்.

வெளியே வரும்போது இராமலிங்கம் வழிமறித்தார். "விசாரணை இன்னும் முடியல. லைன் லீடர் கனவ மட்டும் மறந்துடு."

"நீங்க உங்க வேலையப் பாத்துக்குங்க பாஸ். இருந்தா."

அந்த வாரக் கடைசியில் அமுதவள்ளியை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றட்டுமே. சீதாலெட்சுமி மெடிக்கல் லீவில் இருந்தாள். அவள் வேலைமேல் யாரும் கை வைக்கவில்லை. மெஷின் கதவு மூடியிருந்தது. திறந்தால் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நிலோபர் சிவப்புப் பேனாவோடு நோட்டைப் படித்துக்கொண்டே போனாள். ஐந்தாவது வாக்கியத்தில் அவள் கை நின்றது. பிறகு ஒன்றையும் திருத்தாமல் மெதுவாகப் படித்தாள். பத்தாவது வாக்கியம்: 'ஐ மேட் ட்ரபிள்.'

"சரியா சேருதா டீச்சர்?"

"கச்சிதமா சேருதுக்கா." நிலோபர் பக்கம் கொள்ளாத அளவுக்கு ஒரு ரைட் போட்டு நோட்டை நீட்டினாள்.

அமுதவள்ளி வாங்கவில்லை. பக்கத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினாள்.

"தேதி போடுங்க டீச்சர். கையெழுத்தும்."