நாகேஷ் சொல்லாத சம்மதம்

"நான் எப்பக்கா சரின்னு சொன்னேன்?" என்று நாகேஷ் கேட்டபோது, தம்பி ஏதோ விளையாடுகிறான் என்றுதான் சாய்லக்ஷ்மி முதலில் நினைத்தாள். ஆனால் அது விளையாடுகிற நேரமில்லை. அவர்களுடைய அப்பா சேஷகிரியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே முந்தின நாள் எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நாகேஷ் சிங்கப்பூரில் ஒரு ஓட்டலில் தலைமைச் சமையல்காரன்.

"நேத்து மத்தியானம்டா. பெட்டில பேசினோமே. காலை எடுக்கணும், சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லுங்கன்னு டாக்டர் சொல்றார், எடுத்துடலாமான்னு கேட்டேன். நீ ஆங்னு சொன்ன. தலையாட்டுன."

"நான் எங்க தலையாட்டினேன்? மெட்ராஸ்ல இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பாக்கலாம்னு நான் சொல்லிகினு இருந்தேன். நீதான் எல்லாத்துக்கும் மண்டைய ஆட்டிகினு உக்காந்திருந்த."

"மெட்ராஸா? மெட்ராஸ்னு ஒரு வார்த்தை நீ பேசலையே."

நாகேஷ் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "பாவா எதனா சொல்லிக் குடுத்தாரா? ஆஸ்பத்திரிக்கு அலைய முடியல, முடிச்சுடுன்னு?"

சாய்லக்ஷ்மி போனை வைத்துவிட்டாள். அவளுடைய கணவர் ராம் மலைக்கோயில் மடைப்பள்ளியில் வேலை செய்கிறவர். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மூன்று நாளாக மலையை விட்டே இறங்கவில்லை. கால் எடுத்த விஷயம்கூட எடுத்து முடித்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அவர்மீது பழி போடுகிற அளவுக்குத் தம்பி போவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் நல்லபிள்ளையாக நிற்பதற்காகப் பேசின பேச்சை மாற்றுகிறான் என்று முடிவு கட்டினாள்.

பெட்டி என்று அவர்கள் சொன்னது கூடத்தில் சுவரோரம் நின்ற திரையை. ஆள் உட்கார்ந்த உயரம் இருக்கும். மேலே கேமரா, கீழே சிம் கார்டுகள் போட்ட ஒரு கறுப்பு டப்பா. அதைக் கொண்டுவந்து வைத்தவள் எவாஞ்சலின். சாய்லக்ஷ்மியோடு பள்ளியில் படித்த மார்த்தாளின் மகள், சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. தூரதேசத்தில் இருப்பவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசவைப்பது அவளுடைய ஆராய்ச்சி. ஊரில் ஏழெட்டு வீடுகளில் ஒரு பெட்டியும், அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் ஊரில் ஒரு பெட்டியுமாக வைத்திருந்தாள்.

"கிருத்திகை அன்னைக்கு நம்ம ஊர்ல போன் எப்படிச் சாவும்னு உங்களுக்கே தெரியும் ஆன்ட்டி," என்று அப்போது சொன்னாள். "லட்சம் பேர் வந்து நின்னா சிக்னல் என்னத்துக்கு ஆவும். அந்த நெரிசல்லயும் படம் உடையாம, குரல் அறுந்து போவாம வரணும். அதுக்குத்தான் இந்த ஊரையே எடுத்துக்கினேன்."

அவள் சொன்ன மாதிரியேதான் நடந்தது. காவடிகளும் பஸ்களும் அடைத்துக்கொண்ட அன்றைக்கு ஊரில் யார் போனும் வேலை செய்யவில்லை. அப்பாவின் துணிமணியும் பழைய மருந்துச் சீட்டுகளும் எடுக்க வீட்டுக்கு ஓடிவந்த சாய்லக்ஷ்மி, எந்த நம்பரும் கிடைக்காமல் பெட்டியைப் போட்டாள். ஒரு புள்ளிகூடச் சிதறாமல் தம்பி வந்து உட்கார்ந்தான். அவள் அழுதுகொண்டே கேட்டாள். அவன் கேட்டுத் தலையாட்டினான். அந்தத் தைரியத்தில்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

அப்பாவை வீட்டுக்கு அழைத்துவந்த பிறகும் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. நாகேஷ் ராமுக்குப் போன் செய்து அப்பாவை விசாரித்தான். ராம் ஒருநாள் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார். "ஒருவேளை நீயே அவசரத்துல அவன் சரின்னு சொன்னதா நினைச்சுகினியோ என்னவோ. அழுதுகினு இருந்தேன்னு நீயே சொன்ன."

"அப்ப உங்களுக்கும் எம்மேல சந்தேகம்."

"சந்தேகம்னு சொல்லல."

"வேற என்ன சொல்றீங்க?"

அவர் சாப்பாட்டைப் பாதியில் முடித்துக்கொண்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு சாய்லக்ஷ்மிக்கு வீட்டில் யாரோடும் பேச்சு ஓடவில்லை. அந்த மத்தியானத்தை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். முதலில் தன்னையே சந்தேகித்தாள். பிறகு ஒன்று உறைத்தது. நாகேஷுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம். கெட்ட செய்தி கேட்டால் இரண்டு விரலால் மூக்கின் மேல்தண்டைப் பிடித்துக்கொள்வான். அம்மா போன அன்று மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினபோதும் அப்படித்தான் வந்தான். அப்பாவின் காலை எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டும் அவன் கை மூக்குக்குப் போகவே இல்லை. முகம் லேசாக இடதுபக்கம் சாய்ந்தது, கண் இமைத்தது, 'ஆங்' என்றது. கொஞ்சம் கழித்து அதே சாய்வு, அதே இமைப்பு, அதே 'ஆங்'.

ஊரில் எல்லார் போனும் படுத்துக்கிடந்தபோது இந்தப் பெட்டி மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமாகப் பேசியது என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கூடத்தில் நின்ற திரையைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. ஒரு பழைய புடவையை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை தம்பிக்குச் சாதாரண போனில் பேசினாள்.

"சண்டை போடக் கூப்பிடல. ஒண்ணே ஒண்ணு செய். பெட்டி முன்னாடி வந்து உக்காரு. இந்தப் போனையும் கட் பண்ணாத."

"எதுக்கு?"

"செய்டா."

புடவையை விலக்கினாள். திரையில் நாகேஷ் வந்தான். தூங்கி எழுந்த முகம், தோளில் துண்டு, இன்னும் கோபம் போகாத கண்கள். காதில் போன். திரையில் அவன் வாய் அசைவதும் போனில் அவன் குரல் கேட்பதும் ஏறக்குறைய சேர்ந்தே வந்தன.

"இப்ப பேசாம எழுந்து போய், அந்தக் கறுப்பு டப்பாவோட கரண்ட் வயரைப் பிடுங்கு."

அவன் எழுந்தான். ஒரு கணம் திரையில் வெறும் நாற்காலி தெரிந்தது. பிறகு, அவன் எழுந்து போகவே இல்லை என்பதுபோல், நாற்காலியில் மறுபடி நாகேஷ் இருந்தான். தோளில் துண்டு இருந்தது. காதில் போன் இல்லை. இடதுபக்கம் லேசாகச் சாய்ந்து அவளைப் பார்த்தான்.

"பிடுங்கிட்டேன்," என்றான் நாகேஷ் போனில். "இன்னா தெரியுது அங்க?"

சாய்லக்ஷ்மி அப்பாவைப் பற்றி வாயில் வரக்கூடாத வார்த்தை என்று தெரிந்தும் திரையைப் பார்த்துச் சொன்னாள். "நைனா செத்துட்டார்டா."

திரையிலிருந்த முகம் இமைத்தது. மெல்லத் தலையாட்டியது. "ஆங்," என்றது, நாகேஷின் குரலில்.

"அக்கா, இன்னா சொல்ற நீ?" என்று போனில் நிஜ நாகேஷ் பதறினான். "நைனாவுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலடா. உள்ள காபி குடிச்சுகினு இருக்கார். உன்கிட்ட சொல்லல நான்." அவள் திரையை விட்டு ஓரடி பின்னால் போனாள். "இங்க ஒருத்தன் உக்காந்திருக்கான். உன் மூஞ்சியோட."

அவள் சொல்லி முடிப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

போன் போனதும் எவாஞ்சலின் அன்றைக்கே சென்னையிலிருந்து ரயிலேறி வந்தாள். சாய்லக்ஷ்மி அவளை உட்காரச் சொல்லவில்லை.

"நீ மார்த்தா பொண்ணுன்னுதான் வீட்டுக்குள்ள விட்டேன். என் தம்பி மாதிரி ஒருத்தனைச் செஞ்சு வச்சிருக்கியே, எதுக்கு?"

எவாஞ்சலின் புரியாமல் விழித்தாள். என்ன நடந்தது என்று முழுவதும் கேட்டாள். நாகேஷைத் திரும்பவும் வயரைப் பிடுங்கச் சொல்லித் தானே திரை முன்னால் நின்றாள். நாற்காலியில் அந்த முகம் வந்து அவளைப் பார்த்துத் தலையாட்டியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"படமும் குரலும் துண்டு துண்டாத்தான் ஆன்ட்டி வரும்," என்றாள். "நெரிசல்ல பாதித் துண்டு வந்து சேராது. அந்த ஓட்டையை அடைக்கறதுதான் என் வேலை. ஒரு கண்ணோரம், ஒரு எழுத்தோட சத்தம், அவ்ளோதான். லேப்ல இன்னொண்ணும் செஞ்சு பாத்தோம். எதுவுமே வரலன்னா, அந்த ஆள் அதுவரைக்கும் பேசினதை வச்சு, கேட்டுகினு இருக்கற மாதிரி முகத்தை அதுவே வரையும், ரெண்டு பக்கத்துலயும். வீடுங்கள்ல அதைப் போட மாட்டோம்னு சார் சொன்னார். அதை நம்பித்தான் நான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

"உனக்குத் தெரியாதுன்னு நான் எப்படி நம்பறது?"

எவாஞ்சலின் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தன் பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

"ஆமாம்மா, ஆன் பண்ணித்தான் வச்சேன்," என்றார் அவர், சாவகாசமாக. "சொன்னா நீ வீடுகள்ல உளறிடுவ. தெரிஞ்சா அவங்க இயல்பா பேச மாட்டாங்க. கிருத்திகை அன்னைக்கு எத்தனை வீட்ல பேசியிருக்காங்க தெரியுமா? ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல. அதுதான் நமக்கு வேண்டிய ரிசல்ட்."

"சார், இந்த வீட்ல ஒருத்தருக்குக் கால் எடுத்திருக்காங்க."

 "அது டாக்டர் முடிவும்மா. நாமளா வைத்தியம் பண்ணோம்? நீ நேர்ல வா, பேசலாம்."

எவாஞ்சலின் போனை அணைத்தாள். பெட்டியின் பின்னால் போய் ஒவ்வொரு வயராகக் கழற்றினாள். ஒன்று மட்டும் வரவில்லை. சாய்லக்ஷ்மிதான் குனிந்து இழுத்துவிட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் எவாஞ்சலின் மற்ற வீடுகளுக்கும் போனாள். ஒரு வீட்டில் அவளைத் திட்டினார்கள். இன்னொரு வீட்டில், வளைகுடாவில் இருக்கும் மகன் கிருத்திகை அன்று கோபப்படாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டதில் மனம் நிறைந்திருந்த ஒரு தாய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கல்லூரியில் எவாஞ்சலின் எழுத்தில் புகார் கொடுத்தாள். விசாரணை வந்தது. பேராசிரியர் பெட்டிகளை வீடுகளில் வைக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். அவருடைய பதவி அப்படியே இருந்தது. எவாஞ்சலினுக்கு அந்த ஆராய்ச்சி முழுதும் வீணாயிற்று. வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்கினாள்.

நாகேஷ் லீவு போட்டு வந்தான். வாசலில் அக்காவைப் பார்த்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டான். ராமிடம், "பாவா, தப்பா பேசிட்டேன்," என்றான். அவர், "சாப்பிட வா," என்று மட்டும் சொன்னார்.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் அப்பாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பேச்சு அந்த நாளுக்கே போயிற்று.

"பெட்டியை விடுக்கா," என்றான் நாகேஷ். "நிஜமாவே நான் சொன்னது உனக்குக் கேட்டிருந்தா இன்னா செஞ்சிருப்ப? மெட்ராஸுக்குக் கூட்டிகினு போயிருப்பியா?"

"அந்தக் கூட்டத்துல வண்டி எங்கடா நகரும்? டாக்டர் சாயங்காலம் வரைக்கும்தான் டைம் குடுத்தார். தெரியலடா. எனக்கு நிஜமாவே தெரியல."

"நான் வேணாம்னு பிடிவாதம் பிடிச்சு, நைனா போயிருந்தா?"

சேஷகிரி அதுவரை சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர், மகள் பக்கம் திரும்பினார்.

"அவன் தலையாட்டினானா, நீ தலையாட்டினியா, பெட்டி தலையாட்டிச்சான்னு வந்ததிலிருந்து இதே பேச்சு," என்றார். "அன்னைக்கு நான் முழிச்சுகினுதான் இருந்தேன். டாக்டர் வராந்தாவுல உன்கிட்ட பேசினது எனக்குக் கேட்டுது. கால் என்னுது. என்னை யாரு கேட்டீங்க?"

ராம் எழுந்து போய் ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தார்.

"இப்பக் கேக்கறேன் நைனா," என்றாள் சாய்லக்ஷ்மி. "அன்னைக்குக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

சேஷகிரி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாகேஷைப் பார்த்தார்.

"அதை இப்ப சொல்ல மாட்டேன்," என்றார். "எடுன்னு சொல்லியிருப்பேன்னா உனக்கு நிம்மதி. வேணாம்னு சொல்லியிருப்பேன்னா அவனுக்கு ஜெயம். ரெண்டையும் நான் குடுக்கல."

சாய்லக்ஷ்மி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாகேஷ் அப்பாவின் கட்டுப் போட்ட காலருகே நகர்ந்து உட்கார்ந்து, தலையணையை எங்கே வைக்கட்டும் என்று அவரிடமே கேட்டான். இன்னும் கொஞ்சம் மேலே என்றார் அவர்.