மேல்வரிசைப் பல்

1

இந்தக் கதை என் எதிர்வீட்டில் நடந்தது. கற்பனை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றிவரும் குட்டியானை லோடு வண்டியின் டிரைவர் அன்புமணி. சர்க்கரை நோய்க்காரர். மனைவி புஷ்பமேரி.

முதல் வரியாக 'அன்புமணியின் வாய் நாறியது' என்று எழுதினேன். அடச்சீ, மனுசன்மேல் பிரியமே இல்லாத வரி. அடித்துவிட்டேன்.

2

பல் டாக்டர் வினோலியா சொன்னார்: "ஈறு பூரா சீழுண்ணே. இது இருக்கவரைக்கும் மாத்திரை போட்டாலும் சர்க்கரை லேசுல அடங்காது. மேல ரெண்டு பல்ல எடுத்துட்டு ஈறச் சுத்தம் பண்ணிருவோம்."

"மேப்பல்லா?" புஷ்பமேரி எழுந்தேவிட்டாள். "ஆத்தி! மேப்பல்லப் புடுங்குனா கண்ணு போயிரும்மா. வண்டி ஓட்டுற மனுசன்."

"அதெல்லாம் சும்மாக்கா."

"ஒங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீக. ஏங்க, எந்திரிங்க."

(இங்கே அவளை முட்டாளாக்கிச் சிரிக்கலாம். மாட்டேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைத்தான் நம்புகிறார்கள். புருசன் கண்ணை நினைத்து அம்புட்டுப் பயம் அவளுக்கு.)

3

கிராம்புத் தைலம், உப்புத்தண்ணி என்று வருசம் ஓடியது. சர்க்கரை இறங்கவே இல்லை. ஒரு நாள் அன்புமணி வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போன் செய்தார்: "மேரி, கண்ணுக்குள்ள கருப்பா நூலு நூலாத் தொங்குது." அடுத்த வாரம் அவர்

ஆஸ்பத்திரியில் அவரை

எழுத வரவில்லை. இப்போது இரண்டு கண்ணிலும் வெறும் வெளிச்சம்தான் தெரிகிறது. சர்க்கரை விழித்திரையைக் கெடுத்துவிட்டதாம். பல்லை அன்றே எடுத்திருந்தால் கண் தப்பியிருக்குமா என்று வினோலியாவிடம் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதுண்ணே. சர்க்கரை கொஞ்சமாச்சும் எறங்கியிருக்கும்" என்றார்.

4

முடிவு ஒன்று: புஷ்பமேரியிடம் போய் இதைச் சொல்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்து

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். நேற்றுவரை இதைத்தான் வைத்திருந்தேன். புருசன் கையில் சோற்றை உருட்டிக் கொடுத்துக்கொண்டே அவள் சொல்கிறாள்: "நல்லவேளண்ணே, பல்லத் தொட விடல. தொட்டிருந்தா என்னாலதான் கண்ணு போச்சுன்னு காலத்துக்கும் அழுதிருப்பேன்." பாவம், அந்த ஒரு நிம்மதிதான் அவளுக்கு மிச்சம்.

நேற்று அவள் தங்கை சகாயசெல்வி வந்திருந்தாள். அவளுக்கும் சர்க்கரை, ஈறில் சீழ். நாளைக்குப் பல் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். "வேணாம்டி. தொடாம இருந்தே அவருக்கு இந்தக் கதி. நீ தொட்டீன்னா அம்புட்டுத்தான்" என்று தங்கை கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் புஷ்பமேரி.

"சரிக்கா, போகல" என்று அவளும் சொல்லிவிட்டாள்.

இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. சொன்னால் அக்கா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் தங்கை. நீங்களே சொல்லுங்கள், நான் யாரை அழவைக்கட்டும்?