திருச்சி வரை ஒரே ரயில்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தபோது, பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த வக்கீல் வானதி சொன்னது. "எழுதுங்க. ஆனா என்னை அழ வச்சிடாதீங்க" என்றாள். (அழாத ஒருத்தியை நடுவில் வைத்துக் கதை எழுதுவது எனக்கு வராது.) அதனால் அவளை விட்டுவிட்டு, அவளுடைய தோழி லத்தீஃபாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'காவிரியில் தண்ணீர் வந்த அன்று லத்தீஃபாவுக்கு…'

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதைகள் எல்லாவற்றிலும் காவிரியில் தண்ணீர் வந்துவிடுகிறது. உண்மையில் அன்று அவள் ஊரான குத்தாலத்தில் கரண்ட் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, நேராக: லத்தீஃபாவுக்கு இரண்டு சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று பெங்களூரு, அவள் ஆசைப்பட்டது. மற்றது திருச்சி, அவளும் வானதியும் சேர்ந்து ஆசைப்பட்டது. வானதிக்குத் திருச்சி மட்டும்தான்.

குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள் இருவரும். பஸ்ஸிலேயே கோர்ட் நடக்கும். வழக்கு, லத்தீஃபாவின் அம்மா பொரித்துக் கொடுத்தனுப்பிய இறால் வாடாவில் பெரியது யாருக்கு என்பது. கண்டக்டர் மருதையன் டிக்கெட் கிழித்தபடியே தீர்ப்புச் சொல்வார்: "ரெண்டு பேருமே தோத்தீங்க. இங்க கொடுங்க."

(இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நனைந்த சீருடையின் வாசனை, மழைக்கு ஜன்னல் தகரத்தை இறக்கும் சத்தம், இன்னும் என்னென்னவோ. கதை நகரவே இல்லை, வெட்டிவிட்டேன். மனசு கேட்காமல் அந்தத் தகரச் சத்தத்தை மட்டும் விட்டுவைக்கிறேன்.)

3

சிக்கல் வானதியின் அப்பா வீரையன். "லத்தீஃபா கூட வந்தா திருச்சி ஹாஸ்டலுக்கு அனுப்பறேன். தனியான்னா வேணாம், மாயவரத்துலயே ஏதாவது டிகிரி படி" என்று சொல்லிவிட்டார்.

லத்தீஃபா பெங்களூரு விஷயத்தை வானதியிடம் மறைத்தாள். வீட்டில் அவளுக்குத் தடையில்லை. அவளுடைய அப்பா மீரா உசேன், தன் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கியபடியே, "படிக்கப் போறது நீ. நீயே முடிவு பண்ணும்மா" என்றார். யாராவது தடுத்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

[இங்கே லத்தீஃபாவை நான் நம்பவில்லை. தோழிக்காக யாராவது ஆசைப்பட்ட கல்லூரியையே விட்டுவிட நினைப்பார்களா? வானதிக்கு போன் போட்டுக் கேட்டேன். "நீங்க யார் கூடயும் பஸ்ல போனதே இல்லையா?" என்றாள். போனை வைத்துவிட்டு மேலே எழுதினேன்.]

4

கடைசியில் லத்தீஃபா வீரையனைத் தேடி வயலுக்கே போனாள். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. அவர் வரப்பில் நின்று நாற்று முடிகளை வயலுக்குள் வீசிக்கொண்டிருந்தார்.

"மாமா, எனக்குப் பெங்களூர்ல இடம் கிடைச்சிருக்கு."

"நல்லதும்மா. எப்பப் போறே?"

"நான் போயிட்டா வானதிய அனுப்ப மாட்டீங்களே."

வீசப் போன கை நின்றது. "உங்க அத்தா உன்னைத் தனியாவா அனுப்பறாரு?"

"ஆமா மாமா."

"அவருக்குப் பயமில்லையா?"

"இருக்கு. சரியாவே சாப்பிடறதில்ல. ஆனா போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லல."

அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. டீத்தூக்கோடு வந்த வானதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள்.

"எப்ப கிடைச்சுது?"

"போன வாரம்."

"ஒரு வாரமா எங்கூட உக்காந்து, ஹாஸ்டல்ல எந்தக் கட்டில் யாருக்குன்னு பேசினியேடி!" தூக்கை வரப்பில் வைத்தாள். "எனக்காக நீ எதையும் விட வேணாம். எனக்காகக் கெஞ்சவும் வேணாம். அப்பா, இவ வந்தாலும் வராட்டியும் நான் திருச்சிக்குப் போறேன். நீங்க கொண்டுவந்து விட்டா சந்தோஷப்படுவேன்."

வீரையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

"எந்த ரயிலு?" என்று கேட்டார்.

5

மைசூர் எக்ஸ்பிரஸ். பெங்களூருக்குப் போவதும் அதுதான், திருச்சி வழியாகப் போவதும் அதுதான். (நானாகக் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு வசதியாக அமைக்க வெட்கப்பட்டிருப்பேன். ரயில்வேக்கு அந்த வெட்கம் கிடையாது.) பெங்களூரில் வகுப்பு தொடங்க நாள் இருந்தும், லத்தீஃபாவும் வானதி கிளம்பிய அதே மாலை அதே பெட்டியில் ஏறினாள்.

கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர். கொண்டுபோய் விட வந்த அப்பாக்கள் இருவரும் யூரியா தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். மகள்கள் பேசவில்லை.

திருச்சியில் வானதி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். வண்டி நகர்ந்தது. அப்போது…

முடிவு அ: "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுடி" என்றாள் வானதி. இப்படிச் சொல்வது லத்தீஃபா. இன்று பெங்களூரில் வக்கீலாக இருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் முதல் வருஷத்தைக் கடந்தேன் என்கிறாள்.

முடிவு ஆ: வானதி ஒன்றுமே சொல்லவில்லை. "கோபத்துல வாயே வரலைங்க. அப்புறமும் ரொம்ப நாள் பேசல." இப்படிச் சொல்வது வானதி.

இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. லத்தீஃபா சொன்னதை வானதியிடம் போனில் சொன்னேன்.

"அவளுக்கு அப்படியா கேட்டுச்சாம்?" என்றாள். பிறகு, "அப்படின்னா, நான் சொன்னேன்னே எழுதிக்குங்க."

நான் எழுதவில்லை. வண்டி இன்னும் வேகம் எடுக்கவில்லை. நடைமேடையில் வானதிக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். என்னைவிட உங்களுக்குத்தான் தெளிவாகக் கேட்கும்.